ஒளிப்படமும் காலமும்: தெலுக் பங்லிமா காராங் வட்டாரத் தோட்டத் தமிழர் படங்களைக் காலவரிசைப்படுத்துதல்

முன்னுரை

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதுவோர் இதுகாறும் அரசு அறிக்கைகள், நாளிதழ்கள், தோட்ட நிறுவனங்களின் ஆவணங்கள், வாய்மொழிச் செய்திகள் ஆகியவற்றையே பெரிதும் சார்ந்து வந்துள்ளனர். ஒளிப்படங்கள் நூலின் இடையே அழகுக்காகச் சேர்க்கப்படும் பொருளாகவே கருதப்பட்டன. இன்று நிலைமை மாறியுள்ளது. வருடி என்னும் கருவி பள்ளிகளிலும் வீடுகளிலும் எளிதாகக் கிடைப்பதால், பழைய படங்கள் மின்னியல் வடிவம் பெற்றுப் படநூலகங்களில் குவிந்து வருகின்றன. எனினும் குவிதல் வேறு, வரலாற்றுச் சான்றாதல் வேறு. காலம் அறியப்படாத ஒரு படம் கல்வெட்டின் உடைந்த துண்டினை ஒத்தது. தவறான காலம் குறிக்கப்பட்ட படமோ அதனினும் தீங்கானது. அது பொய்ச்சான்றாக நின்று பிறரையும் வழிதவறச் செய்யும்.

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்திலுள்ள தெலுக் பங்லிமா காராங் வட்டாரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, வருடப்பட்ட பழம்படங்களைக் காலவரிசையில் அமைக்கும் நெறிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டாரமும் அதன் படங்களும்

கிள்ளானுக்குத் தெற்கே, பந்திங் செல்லும் வழியில் அமைந்த ஊர் தெலுக் பங்லிமா காராங். மலாய் மொழியில் 'தெலுக்' என்பது விரிகுடாவையும், 'பங்லிமா' என்பது படைத்தலைவனையும், 'காராங்' என்பது சீற்றத்தையும் குறிக்கும். லங்காட் ஆற்றுக்கு அப்பால் கேரித் தீவு கிடக்கின்றது. எட்வர்ட் வாலன்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளியின் பெயரால் அத்தீவு வழங்கப்படுகின்றது. மா மெரி பழங்குடியினரின் வாழிடமான அத்தீவிலும் அதனை அடுத்த நிலப்பகுதியிலும் தோட்டங்கள் எழுந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். தோட்டம், லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை என அமைந்த அவ்வுலகம் பல தலைமுறைகள் நீடித்தது. பின்னர்த் தடையற்ற வணிக மண்டலமும் வீடமைப்புத் திட்டங்களும் தோன்ற, மக்கள் கிள்ளானுக்கும் பிற நகரங்களுக்கும் பெயர்ந்தனர். லயங்கள் மறைந்த இடங்களில் அவற்றைக் காட்டுவன ஒளிப்படங்கள் மட்டுமே.

இவ்வகைப் படங்கள் இரு திசைகளிலிருந்து நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று, குடியேற்ற ஆட்சியினரும் துரைமாரும் எடுத்துப் பாதுகாத்தவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள அரச காமன்வெல்த் கழகத் தொகுப்பும், பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகத்திலுள்ள குடியேற்ற அலுவலகப் படத்தொகுதியும் இத்தகையன. மற்றொன்று, தொழிலாளர் குடும்பங்களின் பெட்டிகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் கோயில் சுவர்களிலும் எஞ்சியவை. முதல் வகையில் பெரும்பாலும் ஆண்டு இருக்கும், மனிதரின் பெயர் இராது. 'தமிழ்க் கூலிகள்' என்ற அளவில் குறிப்பு முடிந்துவிடும். இரண்டாம் வகையிலோ பெயரும் உறவும் தெரிந்திருக்கும், ஆண்டு தெரியாது. பெயரற்ற ஆண்டுகளையும் ஆண்டற்ற பெயர்களையும் ஒன்று சேர்ப்பதே மின்னியல் படநூலகத்தின் தலையாய பணி எனலாம். அது கைகூட வேண்டுமாயின் இரண்டாம் வகைப் படங்களின் காலம் துணியப்பட வேண்டும்.

வருடிய நாளும் எடுத்த நாளும்

ஒரு மின்னியல் படத்துக்கு ஒரே நாள் உண்டு எனக் கருதுவது பொதுவான பிழையாகும். உண்மையில் நான்கு நாட்கள் உள்ளன: காட்சி பதிவான நாள், அதன் படி தாளில் அச்சிடப்பட்ட நாள், மறுபடி எடுக்கப்பட்டிருப்பின் அந்த நாள், இறுதியாக வருடப்பட்ட நாள். இறந்தோர் நினைவுக்காகப் பழைய படத்தை ஒளிப்படக் கூடத்தில் கொடுத்துப் பெரிதாக்கிப் புதிய சட்டத்தில் மாட்டும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அவ்வாறாயின் தாளின் வயது காட்சியின் வயதாகாது.

1995இல் வெளிவந்த எக்சிஃப் என்னும் பட விவரத் தரவு முறை, எடுத்த நாளையும் மின்னியலாக்கிய நாளையும் வேறு வேறு புலங்களாகப் பிரித்தே வைத்துள்ளது. ஆயினும் எடுத்த நாளுக்குரிய புலம் வெறுமையாக இருப்பின், பல மென்பொருள்கள் வருடிய நாளையோ கோப்பு உருவான நாளையோ கொண்டு படத்தை வரிசைப்படுத்திவிடும். இதனால் போருக்கு முந்திய கோயில் திருவிழா ஒன்று கடந்த ஆண்டின் பிறந்தநாள் விழாவுக்கு அருகே போய் நிற்கும். சில மென்பொருள்கள் 1970ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கோப்பு நாட்களை ஏற்பதுமில்லை. ஆகவே கோப்பின் நாளை நம்பாது, எடுத்த நாளுக்குரிய புலத்தை நாமே ஆராய்ந்து நிரப்புதல் இன்றியமையாதது.

படத்தின் தாள் தரும் சான்று

வருடுவதற்கு முன் படத்தின் பின்புறத்தையும் விளிம்பையும் அட்டையையும் ஆராய்தல் வேண்டும். வருடிய பின் மூலப்படம் குடும்பத்தாரிடம் திரும்பிவிடும். மீண்டும் கைக்குக் கிடைக்கும் என்னும் உறுதியில்லை. எனவே முகப்பை மட்டுமின்றிப் பின்புறத்தையும் தனியே வருடி வைத்தல் நன்று.

1850இல் அறிமுகமான முட்டை வெண்கருத் தாள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை செல்வாக்குடன் விளங்கியது. சிங்கப்பூரில் 1867இல் தொடங்கப்பட்ட ஜி. ஆர். லம்பர்ட் நிறுவனம் போன்றவற்றின் பழைய படங்கள் அத்தகையன. 1880களில் உலர்தட்டுகள் பரவின; 1900இல் கோடக் நிறுவனத்தின் பிரௌனி பெட்டிக் கருவி வந்தபின் கூடத்துக்கு வெளியிலும் படமெடுத்தல் எளிதாயிற்று. 1950களில் தாளில் ஒளிரூட்டும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்பட்டன. புறஊதா விளக்கின்கீழ் நீலமாக ஒளிரும் தாள், போருக்கு முன் அச்சிடப்பட்டதாக இருத்தல் அரிது. பிசின் பூசிய தாள் 1960களின் இறுதியிலிருந்து வழக்குக்கு வந்தது.

இவை யாவும் அச்சிட்ட காலத்தின் முன்னெல்லையை மட்டுமே காட்டும் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு பொருள் தோன்றிய ஆண்டு, 'இதற்கு முன் அன்று' என்று மட்டுமே கூறும். 'இவ்வாண்டிலே' என்று கூறாது.

படத்தினுள் காணும் சான்று

படத்தின் உள்ளடக்கத்தில் கொடிகள், ஆட்சியாளர் உருவங்கள், பெயர்ப்பலகைகள் ஆகிய மூன்றும் சிறந்த சான்றுகளாகும்.

மலாயாக் கூட்டரசின் கொடி 1950இல் ஏற்கப்பட்டது. அதில் 11 கோடுகளும் 11 முனை கொண்ட விண்மீனும் இருந்தன. 1963 செப்டம்பர் 16இல் மலேசியா உருவானபோது இவை 14 ஆயின. ஆகவே பள்ளி விளையாட்டு விழாப் படத்தில் கொடியின் கோடுகளை எண்ண முடியுமாயின், அப்படம் 1963க்கு முன்னதா பின்னதா எனத் துணியலாம். வருடும்போது போதிய நுணுக்கத்துடன் வருட வேண்டும் என்பதற்கு இஃதொரு காரணமாகும். கண்ணுக்குப் புலப்படாத கோடுகள் பெரிதாக்கிய வருடலில் எண்ணத்தக்கனவாக அமையக்கூடும்.

வகுப்பறைச் சுவரில் தொங்கும் ஆட்சியாளர் படமும் இத்தகையதே. சிலாங்கூர் சுல்தான் ஹிசாமுடின் ஆலம் ஷா 1938இல் அரியணை ஏறினார். ஜப்பானியர் ஆட்சியில் அவருக்குப் பதிலாக மூசா கியாதுடின் சுல்தானாக்கப்பட்டார். 1945இல் ஹிசாமுடின் மீண்டும் அமர்த்தப்பட்டு, 1960 ஏப்ரலில் நாட்டின் இரண்டாவது மாமன்னராகி, அதே ஆண்டு செப்டம்பரில் மறைந்தார். எனவே அவரை மாமன்னராகக் காட்டும் படம் 1960க்கு முந்தியதாக இருத்தல் இயலாது. பழைய படங்கள் சுவரிலிருந்து உடனே அகற்றப்படுவதில்லையாதலின், பின்னெல்லையை இதனால் மட்டும் வரையறுத்தல் தகாது.

பெயர்ப்பலகைகளைப் பொறுத்தவரை, 1901இல் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அதே ஆண்டில் மலாய் ரூமி எழுத்துமுறையும் திருத்தப்பட்டது; 'தெலோக்' என எழுதியது 'தெலுக்' ஆயிற்று. ஆயினும் நமது ஊரின் பெயர் இன்றும் பழைய எழுத்தமைப்பிலேயே பரவலாக எழுதப்படுகின்றது. எனவே பலகையில் பழைய எழுத்து உள்ளது என்பதனால் மட்டும் அப்படம் 1972க்கு முற்பட்டது என முடிவு செய்தல் பிழையாகும். ஊர்ப்பெயரை விடுத்துப் பலகையிலுள்ள பிற சொற்களின் எழுத்தமைப்பை நோக்குவதே ஏற்புடையது. தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் 'தேசிய மாதிரி' என்பதற்கு முன் 'ரெண்டா' என்னும் சொல் நின்றது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னர் அச்சொல் நீங்கியது.

பயிர்களும் சான்றாவதுண்டு. ஆனால் இங்கும் எச்சரிக்கை தேவை. ரப்பரிலிருந்து செம்பனைக்குத் தோட்டங்கள் மாறியது பெரும்பாலும் 1960களுக்குப் பின் என்பது உண்மையே. எனினும் கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமாரம் தோட்டத்தில் 1917லேயே செம்பனை வணிகப் பயிராக நடப்பட்டது. செம்பனை தெரிகின்றது என்பதனால் ஒரு படத்தைப் போருக்குப் பிந்தியது என்றல் ஆகாது.

இராட்டைக் கொடி: ஒரு பொருள், மூன்று காலம்

காலம் துணிவதில் நிகழும் பிழை வரலாற்றையே மாற்றிவிடும் என்பதற்கு இந்தியத் தேசியக் கொடி தக்க சான்றாகும். இராட்டை பொறித்த காவி, வெண்மை, பச்சைக் கொடியை இந்தியத் தேசியக் காங்கிரஸ் 1931இல் ஏற்றது. 1947 சூலை 22இல் இராட்டையின் இடத்தை அசோகச் சக்கரம் பெற்றது. ஆகவே தோட்டத் திடலில் தமிழர் பலர் இராட்டைக் கொடியுடன் நிற்கும் படம் ஒன்று கிடைப்பின், அது பெரும்பாலும் 1931க்கும் 1947க்கும் இடைப்பட்டது எனக் கூறலாம். பதினாறு ஆண்டுகள் என்பது குறுகிய எல்லைபோல் தோன்றும். ஆனால் அவ்வெல்லைக்குள் மூன்று வேறுபட்ட வரலாறுகள் அடங்கியுள்ளன.

முதலாவது, 1937ஆம் ஆண்டு. மலாயாவில் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் அறிக்கை அவ்வாண்டில் வெளிவந்தது. சவகர்லால் நேருவும் அவ்வாண்டில் மலாயா வந்தார். அக்காலத்துக் கொடி வரவேற்பின் அடையாளம்.

இரண்டாவது, 1941ஆம் ஆண்டு. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் அவ்வாண்டில் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, தோட்டங்களில் பள்ளி வசதி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் கட்டாயத்தின் நீக்கம் ஆகியன அவர்களது கோரிக்கைகளுள் அடங்கும். 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டதும் கிளர்ச்சி பரவியது. மே 16இல் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, படையினர் வரவழைக்கப்பட்டனர், தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார். அக்காலத்துக் கொடி எதிர்ப்பின் அடையாளம்.

மூன்றாவது, 1943 முதல் 1945 வரையிலான காலம். சுபாஷ் சந்திர போஸ் 1943 சூலையில் சிங்கப்பூர் வந்து, அக்டோபர் 21இல் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். தோட்டத் தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். அதே காலத்தில் பலர் சயாம் மரண இரயில்வேக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். அக்காலத்துக் கொடி ஆட்சியாளரின் இசைவோடு பறந்த கொடி.

ஒரே கொடி, ஒரே திடல், ஒருவேளை அதே மனிதர்கள். ஆயினும் 1941 எனக் குறித்தால் அவர்கள் உரிமைக்காகப் போராடிய தொழிலாளர். 1944 எனக் குறித்தால் விடுதலைப் படையின் ஆதரவாளர். 1937 எனக் குறித்தால் தலைவரைக் காணத் திரண்ட கூட்டத்தார். இந்திய தேசிய இராணுவத்தின் புகழ் பெரிதாதலின், இராட்டைக் கொடி காணும் படங்களையெல்லாம் அதன் கணக்கில் சேர்க்கும் ஆர்வம் இயல்பாகவே எழும். அவ்வாறு சேர்க்குந்தோறும் 1941ஆம் ஆண்டின் தொழிலாளர் போராட்டம் தன் சான்றுகளுள் ஒன்றை இழக்கின்றது. சீருடை, ஜப்பானியக் கொடி, கூடத்தின் முத்திரை, பின்புற எழுத்து ஆகியவற்றுள் ஒன்றேனும் துணைநில்லாதபோது '1931 முதல் 1947 வரை' என நிறுத்திக்கொள்வதே ஆய்வு நெறியாகும்.

ஆண்டு முறைகள்

படத்தின் பின்புறம் எழுதப்பட்ட ஆண்டு எப்போதும் ஆங்கில ஆண்டாக இருப்பதில்லை. ஜப்பானியர் ஆட்சியில் அவர்தம் பேரரசு ஆண்டு வழக்கிலிருந்தது. அது கிறித்து ஆண்டினும் 660 மிகுதியானது. எனவே 2602 என்பது 1942ஐயும், 2605 என்பது 1945ஐயும் குறிக்கும். இதனை அறியாதார் அவ்வெண்ணைப் படச்சுருளின் வரிசை எண்ணாகக் கருதிப் புறக்கணித்துவிடக்கூடும். திருவள்ளுவர் ஆண்டாயின் 31ஐக் கழித்தல் வேண்டும்.

அறுபதாண்டு வட்டத்தில் அமைந்த தமிழாண்டுப் பெயர்கள் மேலும் நுட்பமானவை. 'தாரண வருடம் தை மாதம்' என ஒரு படத்தின் பின் எழுதப்பட்டுள்ளதாகக் கொள்வோம். தாரண ஆண்டு 1944 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1945 ஏப்ரல் நடுவில் முடிந்தது. எனவே அதன் தை மாதம் 1945 சனவரி, பிப்ரவரியைச் சாரும். ஆண்டை மட்டும் நோக்கி 1944 என எழுதினால் அது பிழையாகும். அப்பெயர் 1884-85க்கும் 2004-05க்கும் உரியதாதலால், தாளின் தன்மையைக் கொண்டு அவற்றை விலக்குதல் வேண்டும். சிலாங்கூரில் ரப்பர் வணிக அளவில் பயிரானது 1890களிலாதலின், ரப்பர்த் தோட்டம் காணும் படம் 1885ஐச் சார்ந்ததாதல் இயலாது. இவ்வாறு அகச்சான்றும் புறச்சான்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்போதே முடிவு உறுதிபெறும்.

வாய்மொழிக் காலக்கணக்கு

தோட்டத்து முதியோரிடம் 'எந்த ஆண்டு' என வினவுவதில் பயன் குறைவு. அவர்களது காலக்கணக்கு நிகழ்ச்சிகளால் ஆனது. 'சப்பான்காரன் காலம்', 'கம்பிக்குள் இருந்த காலம்', 'மெர்டேக்காவுக்கு முன்', 'பெரிய வெள்ளம் வந்தபோது', 'மே பதின்மூன்றுக்குப் பின்' என்பன அவர்கள் வழங்கும் ஆண்டுப் பெயர்கள். இவற்றைக் குறைபாடாகக் கருதாது, பெயர்த்தெழுத வேண்டிய காலமுறையாகக் கருதுதல் தகும். முதலாவது 1942-45, இரண்டாவது அவசரகாலத்தில் மக்களும் லயங்களும் கம்பிவேலிக்குள் அடைக்கப்பட்ட 1950களின் காலம். வெள்ளம் எனின் 1926ஆ 1971ஆ என்பதைக் கூறுவோரின் வயதே தெளிவாக்கும்.

கேள்விகளும் இதற்கேற்ப அமைதல் வேண்டும். படத்திலுள்ள குழந்தை யார், அதற்கு அடுத்த குழந்தை பிறந்துவிட்டதா, தந்தை அப்போது பால் மரம் வெட்டினாரா, தண்டலாக உயர்ந்துவிட்டாரா, கோயில் குடமுழுக்கு முன்னரா பின்னரா என வினவினால் எல்லைகள் நெருங்கி வரும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிடின் அவை மேலும் குறுகும். கூறியவர் யார், எந்நாளில் கூறினார் என்பதும் பதிவாதல் வேண்டும். கேட்டறியத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். தாள் காத்திருக்கும், நினைவு காத்திராது.

நாளைப் பதிவு செய்யும் முறை

துணிந்த காலத்தை எவ்வாறு எழுதுவது? நாள், மாதம், ஆண்டு மூன்றையும் நிரப்பினாலன்றி ஏற்காத மென்பொருளில் பலர் 'சனவரி 1' எனப் பொய்நாள் இட்டுவிடுகின்றனர். சில ஆண்டுகள் கழிந்தபின் அது உண்மை நாளா இடைக்கால ஏற்பாடா என்பதை அறிய வழியிராது. இக்குறை நீக்க விரிவுபடுத்தப்பட்ட நாள் குறியீட்டு முறை ஒன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் முயற்சியால் வளர்ந்து, 2019இல் ஐ.எஸ்.ஓ. 8601 தரத்தின் இரண்டாம் பகுதியில் இடம்பெற்றது. இம்முறையில் '1957~' என்பது ஏறத்தாழ 1957 என்பதையும், '1957?' என்பது ஐயத்துக்குரிய 1957 என்பதையும், '1931/1947' என்பது அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தையும் குறிக்கும்.

ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து செய்திகள் பதிவாதல் போதுமானது: முன்னெல்லை, பின்னெல்லை, அவற்றுக்கு ஆதாரம், துணிந்தவர், துணிந்த நாள். வரிசைப்படுத்த முன்னெல்லையையே எங்கும் ஒருசீராகக் கொள்ளலாம். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள் என்னும் முறையில் எண்களால் தொடங்கின், எந்த மென்பொருளிலும் வரிசை மாறாது. 'காலம் அறியப்படாதவை' என ஒரு பிரிவு இருத்தலும் இழுக்கன்று. புதிய சான்று கிட்டும்போது பழைய முடிவை அழிக்காமல் அதன்கீழ்ப் புதியதைச் சேர்த்தல் வேண்டும். ஒரு முடிவு எவ்வாறு மாறியது என்பதும் பின்வருவோருக்குச் சான்றாகும்.

இத்தகைய பணி பிற தமிழ்ப் பகுதிகளிலும் நடந்து வருகின்றது. 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகத் திட்டமும், பிரிட்டிஷ் நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டத்தின் துணையோடு தமிழ்நாட்டு ஒளிப்படக் கூடங்களின் படங்களை மின்னியலாக்கிய முயற்சியும் குறிப்பிடத்தக்கன.

முடிவுரை

படத்தைக் காலவரிசையில் அமைப்பது எழுத்தர் வேலையன்று. அது வரலாற்றுத் துணிபாகும். வருடிய நாளை எடுத்த நாளாகக் கொள்ளாமை, தாளின் சான்றையும் காட்சியின் சான்றையும் பிரித்தறிதல், வேறுபட்ட ஆண்டு முறைகளைப் பெயர்த்தெழுதுதல், ஐயத்தை ஐயமாகவே பதிதல் ஆகிய நான்கும் இதற்கு அடிப்படை நெறிகள் என இக்கட்டுரையால் அறியலாம். இப்பணியைத் தொடங்கத்தக்க இடம் தமிழ்ப்பள்ளியே. பழைய வகுப்புப் படங்களும் சேர்க்கைப் பதிவேடுகளும் அங்கு ஒரே கூரையின்கீழ் உள்ளன. படத்திலிருப்போரின் பேரப்பிள்ளைகள் அங்கேயே பயில்கின்றனர். தெலுக் பங்லிமா காராங் போன்ற ஊர்களின் ஆசிரியர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சிறு தொகுப்பையேனும் இம்முறையில் நாளிட்டு வைப்பாராயின், தோட்டத் தமிழரின் நூற்றாண்டு வாழ்வு பெயரோடும் ஆண்டோடும் வரலாற்றில் இடம்பெறும்.